பாடலில் தங்கிய மொழி: ஒக்கினாவாப் பாடகர்களின் நூறாண்டு

ஜப்பானின் தென்மேற்குக் கோடியில், தைவானை நோக்கி நீண்டு கிடக்கும் தீவுகளே ஒக்கினாவா மாவட்டம். நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கினரே அங்கு வாழ்கின்றனர். ஆயினும் கடந்த ஐம்பதாண்டு ஜப்பானிய இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அத்தீவுகளைக் கடந்து போய்விட முடியாது. கினா ஷோக்கிச்சி, ரின்கென் இசைக்குழு, நேனேஸ், பிகின், நட்சுகாவா ரிமி, அமுரோ நமியே எனப் பெயர்கள் நீள்கின்றன. இவ்வளவு சிறிய நிலம் இத்தனை பாடகர்களைத் தந்தது எவ்வாறு என வியப்பது வழக்கம். மொழியியல் மாணவர் அதனினும் முதலில் கேட்க வேண்டியது, அவர்கள் எம்மொழியில் பாடினார்கள் என்பதே.

இத்தீவுகள் 1429 முதல் ரியூக்யூ என்னும் தனி அரசாக விளங்கின. 1609-இல் ஜப்பானின் சட்சுமா படை அவ்வரசைப் பணியவைத்தது. 1879-இல் ஜப்பான் அதனை ஒழித்து ஒக்கினாவா மாவட்டம் ஆக்கியது. அங்கு வழங்கிய மொழிகள் ஜப்பானிய மொழியின் கிளைவழக்குகள் அல்ல, உடன்பிறந்த மொழிகள். இவ்வுறவைப் பேசில் ஹால் சேம்பர்லின் 1895-இல் வெளியிட்ட இலக்கண ஆய்விலேயே விளக்கினார். ஜப்பானிய மொழியின் எகரம் ஒக்கினாவா மொழியில் இகரமாகவும், ஒகரம் உகரமாகவும் ஒலிக்கும். உள்ளத்தைக் குறிக்கும் 'கொகொரோ' அங்கே 'குகுரு'; சொல்லைக் குறிக்கும் 'கொதொபா' அங்கே 'குதுபா'. தலைநகர் நாஹாவில் பேசுவது டோக்கியோவில் பிறந்தவருக்குப் புரியாது. மியாக்கோ, யயேயாமா தீவுகளின் பேச்சு நாஹாவில் உள்ளவருக்கும் எளிதில் புரியாது.

இம்மொழிகளின் கவிதை மரபு பாட்டோடு பிணைந்தது. 'ரியூக்கா' என்னும் குறும்பா 8-8-8-6 என்ற அளவில் அமையும். ஜப்பானிய 'வாக்கா'வின் அளவோ 5-7-5-7-7. இங்கு எண்ணப்படும் ஒலியலகு ஏறக்குறைய நம் மாத்திரையை ஒத்தது. பாட்டுக்குத் துணை, சீனாவிலிருந்து வந்து மலைப்பாம்புத் தோல் போர்த்திய 'சன்ஷின்' என்னும் மூன்று நரம்புக் கருவி. ஜப்பானின் புகழ்பெற்ற ஷாமிசென், 16-ஆம் நூற்றாண்டில் இதிலிருந்து கிளைத்ததே.

இதற்கு 18-ஆம் நூற்றாண்டில் உருவான 'குன்குன்ஷி' என்னும் இசைக்குறியீடு, நரம்பில் விரல் எங்கே அமர வேண்டும் என்பதைக் காட்டும். பாடல் வரிகளோ பெரும்பாலும் ஜப்பானிய எழுத்துமுறையில் எழுதப்பட்டன. 'கொகொரோ' என எழுதி 'குகுரு' எனப் பாடுவது மரபு. ஆகவே ஏட்டை மட்டும் கையில் எடுத்தவருக்கு ஒக்கினாவா மொழி கேட்காது. அதன் ஒலியை ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது பாடகரின் வாயே.

1879-க்குப் பின் பள்ளிகள் பொதுஜப்பானிய மொழியைப் புகட்டின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, தாய்மொழியில் பேசிய மாணவரின் கழுத்தில் 'ஹோகென் ஃபுதா' என்னும் பலகை தொங்கவிடப்பட்டது. அடுத்து அதே 'குற்றம்' செய்யும் மாணவரைக் கண்டுபிடித்து அதனை மாட்டிவிட்டால்தான் முன்னவருக்கு விடுதலை. குழந்தையே குழந்தையை வேவு பார்க்கும் ஏற்பாடு அது. 1940-இல் கைவினைக் கலை ஆய்வாளர் யானகி முனெயோஷி இக்கடுமையைக் கண்டித்தபோது, மாவட்ட நிர்வாகம் அதனை முன்னேற்றத்தின் பெயரால் நியாயப்படுத்தியது. 1945 போரின்போது, ஒக்கினாவா மொழியில் பேசுவோரை ஒற்றர்களாகக் கருதித் தண்டிக்குமாறு அங்கிருந்த ஜப்பானியப் படை ஆணையிட்டது.

இக்காலத்தில் பாடலுக்கு நேர்ந்ததை இரு நிகழ்வுகள் உணர்த்தும். முதலாவது, யயேயாமாவின் தகெதோமி தீவில் பிறந்த 'அசதோயா யுன்தா' என்னும் தொழிற்பாடலின் கதை. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குயாமா என்னும் பெண், தன்னை விரும்பிய அரசு அலுவலரை மறுத்ததைச் சொல்லும் பாடல் அது. 1934-இல் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றுக்காக மியாரா சோஹோ அதன் இசையைச் சீரமைத்தார். ஹோஷி கட்சு பொதுஜப்பானிய மொழியில் புதிய வரிகளை இயற்றினார். இருவருமே ஒக்கினாவா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். பாடல் நாடெங்கும் பரவியது. ஆனால் பரவியது மென்மையான காதற்பாடல். அதிகாரத்தை மறுத்த குயாமாவின் கதை அதில் இல்லை. மொழி மாறியபோது பொருளும் உடன் மாறியது.

இரண்டாவது நிகழ்வு ஒசாக்காவில் நடந்தது. பஞ்சம் பிழைக்க ஆலைகளுக்குச் சென்ற ஒக்கினாவா மக்கள், அங்கே வாடகை வீடும் வேலையும் மறுக்கப்பட்டு ஒதுங்கி வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஃபுகுஹாரா சோக்கி 1927-இல் மாருஃபுகு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கித் தம் ஊர்ப் பாடல்களைத் தம் மொழியிலேயே பதிவு செய்தார். பேசினால் இழிவு என்று கருதப்பட்ட மொழியை, புலம்பெயர்ந்தோர் தம் வீட்டில் இசைத்தட்டின்வழிக் கேட்டனர்.

1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போர், தீவின் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரைக் கொன்றது. எஞ்சியோர் அமெரிக்க முகாம்களில் அடைபட்டிருந்தபோது வெற்றுத் தகரக் குவளையை உடலாகவும், கட்டில் மரத்தைக் கழுத்தாகவும், வான்குடைக் கயிற்றை நரம்பாகவும் கொண்டு சன்ஷின் செய்தனர். அது 'கன்காரா சன்ஷின்' எனப்பட்டது. பல் மருத்துவரும் நகைச்சுவைக் கலைஞருமான ஒனாஹா பூதென், இளைஞரான தெருயா ரின்சுகேயை உடன் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பாடினார். இத்தனை பேர் இறந்திருக்கையில் என்ன கொண்டாட்டம் என்று கேட்டவர்களிடம், எஞ்சிய உயிரைக் கொண்டாடவே வந்ததாக அவர் கூறினாராம்.

அத்தலைமுறையின் தலையாய பாடகர் கதேகரு ரின்ஷோ (1920–1999). அவர் பாடம் கற்ற இடம் 'மோஆஷிபி'. இளைஞரும் இளம்பெண்களும் இரவில் வெட்டவெளியில் கூடி, பாட்டுக்கு எதிர்ப்பாட்டுப் பாடும் கூட்டம் அது. ஒழுக்கக்கேடு என்று அரசு அதனை ஒடுக்கி வந்தது. 8-8-8-6 என்னும் அளவு பொதுவாக இருந்தமையால், ஒரு மெட்டில் எந்த ரியூக்காவையும் பொருத்தலாம். புதிதாக ஒன்றை அக்கணமே இயற்றவும் செய்யலாம். கதேகருவின் பாடல்கள் ஒவ்வொரு முறையும் வரி மாறி ஒலித்ததன் பின்னணி இதுவே. அவருக்குப் பாட்டும் பேச்சும் ஒன்றே மொழி.

1972-இல் ஒக்கினாவா அமெரிக்க ஆட்சியிலிருந்து மீண்டும் ஜப்பானிடம் சென்றது. அமெரிக்கத் தளத்தை ஒட்டிய கொசா நகரில் 1948-இல் பிறந்த கினா ஷோக்கிச்சி, சன்ஷினையும் ராக் இசையையும் இணைத்து அப்பத்தாண்டில் ஜப்பான் முழுவதும் அறியப்பட்டார். அவருடைய 'ஹாய்சாய் ஓஜிசான்' பாடலின் தலைப்பே இருமொழிக் கலப்பு: 'ஹாய்சாய்' ஒக்கினாவா ஆண்கள் சொல்லும் வணக்கம், 'ஓஜிசான்' ஜப்பானியச் சொல். அன்றைய தெருவின் பேச்சும் அவ்வாறே இருந்தது. 1990-களில் ரின்சுகேயின் மகன் தெருயா ரின்கெனின் குழுவும், சினா சதாவோ உருவாக்கிய நேனேஸ் பெண்கள் குழுவும் தம் மொழிப் பாடலுக்கு நாடளாவிய மேடையைப் பெற்றுத் தந்தன.

அதே பத்தாண்டில் நாஹாவின் பயிற்சிப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த அமுரோ நமியே (பிறப்பு 1977) ஜப்பானிய வெகுசன இசையின் முகமானார். அவர் பாடியது ஜப்பானிய மொழியில். யயேயாமாவின் இஷிகாகி தீவைச் சேர்ந்த பிகின் குழு இசையமைக்க, மோரியாமா ரியோகோ வரிகள் எழுதிய பாடல் 'நாதா சோ சோ'. இதனை 2001-இல் அதே தீவின் நட்சுகாவா ரிமி பாடிப் பெரும்புகழ் பெற்றார். 'நாதா' என்பது கண்ணீரைக் குறிக்கும் ஒக்கினாவாச் சொல். ஜப்பானிய மொழியில் அது 'நமிதா'. ஆனால் தலைப்பைக் கடந்து உள்ளே சென்றால் பாடல் ஜப்பானிய மொழியிலேயே நடக்கிறது. கதேகருவிடம் பாட்டு முழுதும் நிறைந்திருந்த மொழி, கினாவிடம் கலந்து நின்று, இங்கே தலைப்பின் ஒரு சொல்லாகச் சுருங்கியது. இது பாடகர்களின் குறையன்று. பலகை மாட்டப்பட்ட குழந்தைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைத் தராமல் விட்டதன் விளைவு.

2009-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பட்டியல் ரியூக்யூ மொழிகள் ஆறினை அழிவின் விளிம்பில் உள்ளவையாகக் குறித்தது. அவற்றுள் யயேயாமா, யொனகுனி மொழிகளின் நிலை மிகக் கடுமையானது. ஒக்கினாவா இசை உச்சத்தில் இருந்த ஆண்டுகளும் இவையே. இசையின் செல்வாக்கை மொழியின் நலத்துக்குச் சான்றாகக் கொள்வது எவ்வளவு பிழையானது என்பதை இது தெளிவாக்குகிறது. மனப்பாடமாக ஒரு பாடலைப் பாட மொழி தேவையில்லை, ஒலி போதும். பாடிக்கொண்டிருக்கும்போதே வரியை மாற்றவும், எதிரே நிற்பவருக்கு விடை சொல்லவும் மொழி தேவை. பாட்டில் மொழி உயிரோடிருக்கிறதா என்பதை அறிய இதுவே தக்க அளவுகோல்.

2006-இல் ஒக்கினாவா மாவட்டம் செப்டம்பர் 18-ஐத் தன் மொழிகளுக்கான நாளாகச் சட்டப்படி அறிவித்தது. அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது, யயேயாமாவின் காதற்பாடலான 'துபராமா'வுக்கு இஷிகாகியில் ஆண்டுதோறும் நடக்கும் போட்டி. அங்கே நன்றாகப் பாடுவோர்க்கு மட்டுமன்றி, அம்மெட்டுக்குத் தம் தீவுமொழியில் புதிய வரிகளை இயற்றுவோர்க்கும் பரிசு உண்டு. ஒலியை மட்டும் கற்றவர் முதற்பிரிவில் வெல்லக்கூடும். இரண்டாவதில் வெல்ல, அம்மொழியில் சிந்திக்கத் தெரிந்திருக்க வேண்டும்.