மருந்துக்கு முன்பே வந்த எதிர்ப்பு

சலக்கடுப்பு வந்தால், பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக் குளிசையை விழுங்குவோர் நம்மிடையே உண்டு. அந்தக் குளிசை சிலவேளை கேட்காமல் போவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

சலக்கடுப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியா. இதனிடம் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் இருப்பதை ஒக்ஸ்போர்ட்டில் ஏப்ரகாம், செயின் ஆகிய இருவரும் 1940 இல் அறிவித்தார்கள். அங்கே நோயாளிகளுக்குப் பெனிசிலின் ஏற்றத் தொடங்கியதோ 1941 இல்தான். மருந்துக்கு முன்பே எதிர்ப்பு காத்திருந்தது!

1961 இல் ஈ.கோலையையும் கொல்லும் அம்பிசிலின் விற்பனைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில், 1965 இல், ஏதென்ஸ் நகரில் கிடைத்த ஈ.கோலை ஒன்று அதையும் சிதைப்பதாகச் செய்தி வெளியானது. அந்த ஆற்றல் பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தில் இருந்தது. அதை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடும்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945 இல் தமது நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை நோவுக்குக் கணவன் அரைகுறையாக மருந்து எடுக்கிறான். சாகாமல் பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு மருந்து கேட்கவில்லை, இறந்துபோகிறாள்.

நேயர்களே, கூச்சம் வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பதைச் சலப் பரிசோதனை சொல்லும். மிஞ்சிய குளிசை சொல்லாது.