வெறும் பை

1960களின் தொடக்கம். கேம்பிரிட்ஜை அடுத்த பாபிரஹாமில், ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அலெக் பாங்கமும் நுண்ணோக்கி வல்லுநர் ஹார்னும் உலர்ந்த பாஸ்போலிப்பிட் கொழுப்பில் சாயநீர் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக நுண்ணிய பைகள். பார்த்தால் அச்சு அசல் உயிரணுவின் சவ்வு. தண்ணீர் பட்டதும் கொழுப்பு தானே இரட்டை அடுக்காகக் கூடி, வாயையும் மூடிக்கொண்டிருந்தது. லிப்போசோம் என்ற பெயர் பிறகு வந்தது.

அந்தக் கொழுப்பு முட்டை மஞ்சள் கருவின் லெசிதின். நம் செல்களின் வெளிப்புறத்தில் இருப்பதும் அதே வகைதான். நிகர மின்னேற்றம் கிடையாது. பாக்டீரியாவின் சவ்விலோ எதிர்மின்னேற்றக் கொழுப்புகள் கணிசம். கொழுப்பை மாற்றிக் கலந்தால் பாக்டீரியாவின் பை கிடைக்கும்.

அது ஏன் தேவைப்பட்டது? 1987-இல் மைக்கேல் சாஸ்லாஃப், ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் பாக்டீரியாவைக் கொல்லும் மகைனின் என்ற பெப்டைடைக் கண்டெடுத்தார். அறுவை முடிந்து அழுக்குத் தண்ணீரில் விட்ட தவளைகளுக்குப் புண் சீழ் பிடிக்கவில்லையே என்று வியந்ததில் தொடங்கிய தேடல் அது. பின்னர் மகைனினின் கண்ணாடிப் பிம்பத்தைச் செய்து பார்த்தார்கள். மருந்து ஒரு புரதத்தில் பூட்டும் சாவியுமாகப் பொருந்துவதென்றால் பிம்பம் பலிக்கக் கூடாது. பலித்தது! அது தாக்குவது சவ்வையே. இந்தச் சோதனையின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

அதன் பிறகு வெறும் பைக்கு மதிப்பு கூடியது. கால்சீன் சாயத்தைப் பைக்குள் நெருக்கி அடைத்தால் ஒளி மங்கிக் கிடக்கும். மருந்து பையைக் கிழித்தால் சாயம் வெளியே சிதறி ஒளிரும். பாக்டீரியாப் பை மட்டும் ஒளிர்ந்து, நம் செல்லைப் போன்ற பை மங்கியே இருந்தால், அந்த மருந்தைத் தொடர்ந்து ஆராயலாம்.

ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வுதான் நகலெடுக்க விடாமல் கடைசிவரை முரண்டு பிடித்தது. அதில் உள்ளடுக்கு பாஸ்போலிப்பிட், வெளியடுக்கு லிப்போபாலிசாக்கரைடு. இரு பக்கமும் ஒன்றல்ல. 2015-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதையும் அடுக்கடுக்காகக் கட்டி, நியூட்ரான் கற்றையால் அளந்தார்கள். கால்சியம் அயனிகளைப் பிரித்தெடுத்ததும் இரு அடுக்கும் ஒன்றோடொன்று கலந்துபோயின. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் உண்மையான பாக்டீரியாவில் முதலில் கைவைப்பதும் அந்த அயனிகளின் பிடியில்தான்.