இலேசான விசைதான் நல்ல விசையா? மலைநாட்டுச் சூழலில் இருகட்ட விசைகளின் ஒப்பீடு

விளையாட்டு ரைபிளுக்கெனத் தனியாக வாங்கிப் பொருத்தும் மாற்று விசைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: குண்டு புறப்பட விரல் தரவேண்டிய மொத்த அழுத்தம். அது குறையக் குறைய விசை சிறந்தது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அந்த ஓர் அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மொத்த அழுத்தம் இருகட்ட விசையின் முதல் இழுப்பு, சுடும் இழுப்பு என்னும் இரு கட்டங்களுக்கும் எவ்வாறு பங்கிடப்படுகிறது, விசை எதனோடு பிணைந்திருக்கிறது, ஓய்வுநிலையில் எவ்வளவு பாதுகாப்பானது ஆகிய மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கண்டியின் துவக்கு வரலாறும் காலநிலையும் இதற்குச் சான்று தருகின்றன.

துவக்கின் பொறியைத் தம் தேவைக்கேற்ப மாற்றுவது கண்டியில் புதிதன்று. போர்த்துக்கேயர் வழியே அறிமுகமான பொறியைக் கண்டி இராச்சியத்துக் கம்மியர் தமதாக்கிக்கொண்டனர். ஐரோப்பியத் துவக்குகளில் பொதுவாக வலப்பக்கம் இருந்த அதை அவர்கள் இடப்பக்கத்தில் அமைத்தனர். சிங்கள ஆயுதங்களைப் பற்றி பி. இ. பி. தெரணியகல 1942 இல் எழுதிய ஆய்வு இத்துறையில் இன்றும் அடிப்படையானது. இராச்சியக் காலத்துக்குப் பின்னர், 1900 இல் இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாகி, 1949 வரை நிலைத்தது. பிரித்தானியப் பேரரசின் பணித்துவக்கான லீ-என்பீல்டின் காலமும் அதுவே.

லீ-என்பீல்டின் விசை இருகட்ட விசைக்குத் தெளிவான முன்மாதிரி. விசையின் மேற்பகுதியில் இரு மேடுகள் உள்ளன. முதல் மேடு சியர் எனப்படும் பிடிகொளுவியைத் தள்ளத் தொடங்குகிறது. இரண்டாம் மேடு தொட்டதும் நெம்பு விகிதம் மாறி, விரலுக்கு ஒரு தடை தெரிகிறது. அதைக் கடந்தால் வெடி. முதல் இழுப்புக்கு 3 முதல் 4 இறாத்தல், சுடும் இழுப்புக்கு 5 முதல் 6 இறாத்தல் என்பது பணித்தர அளவு. மொத்தம் கனமானது. ஆயினும் இறுதிக் கணத்தில் விரல் புதிதாகச் சேர்ப்பது ஏறக்குறைய 2 இறாத்தலே.

இக்கால மாற்று விசைகளிலும் இதே கணக்கைக் காணலாம். அமெரிக்கப் பணித்துவக்குப் போட்டிகளில் விசைக்குக் குறைந்தபட்ச அழுத்தம் 4.5 இறாத்தல் என்று விதி இருந்தது. அந்த எல்லைக்குள் அமையும் கைஸ்லி நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ விசை, முதல் கட்டத்துக்கு 2.5 இறாத்தல், இரண்டாம் கட்டத்துக்கு 2 இறாத்தல் எனப் பங்கிடுகிறது. குறியை அசைக்கக்கூடியது கடைசியில் சேரும் அழுத்தமே. ஆகவே மொத்தத்தை மட்டும் ஒப்பிடுவோர், விசையின் தன்மையைத் தீர்மானிக்கும் பங்கீட்டைத் தவறவிடுகின்றனர்.

அடுத்தது பிணைப்பு. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டு மழை 1,800 மில்லிமீற்றரை எட்டுகிறது. ஈரத்தில் மரப்பிடி ஊதும், வெயிலில் சுருங்கும். பழைய லீ-என்பீல்டில் விசை, மரத்தை அணைத்து நிற்கும் விசைக்காப்பில் பொருந்தியிருந்தது. மரம் அசைந்தால் விசைக்கும் பிடிகொளுவிக்கும் உள்ள இடைவெளி மாறி, இரு கட்டங்களும் குழம்பும். 1949 இல் வந்த 4 ஆம் இலக்க லீ-என்பீல்டின் 2 ஆம் வகை, விசையை நேரே உலோக உடலில் தொங்கவிட்டு இக்குறையைத் தீர்த்தது. டிம்னி, ட்ரிகர்டெக் போன்ற நிறுவனங்களின் மாற்று விசைகள் தனிக் கூட்டுக்குள் அடங்கி உலோக உடலிலேயே பொருந்துகின்றன. மழைநாட்டுச் சுடுநருக்கு இந்த நிலைத்தன்மை சில அவுன்ஸ் இலேசைவிட மதிப்புமிக்கது. உட்பொறியில் இவ்விரு நிறுவனங்களும் வேறுபடுகின்றன: ட்ரிகர்டெக் உராயும் பரப்புகளுக்கு இடையே ஓர் உருளையை வைப்பதால் வழுக்கல் சீராகிறது. டிம்னியின் வழமையான விசைகள் மெருகேற்றிய எஃகுப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதை நம்புகின்றன.

பாதுகாப்பில் இருகட்ட விசையின் மேன்மை இன்னும் தெளிவு. ஒருகட்ட விசையை இலேசாக்க வேண்டுமாயின் பிடிகொளுவியின் பற்றைக் குறைக்க வேண்டும். அந்த மெல்லிய பற்று ஓய்வுநிலையிலும் அப்படியே நீடிக்கும். இருகட்ட விசையிலோ ஓய்வில் பற்று ஆழமாக இருக்கும். விரல் முதல் கட்டத்தை எடுத்த பிறகே அது மெலியும்.

ஒருகட்ட விசையே துல்லியமானது, முன்னசைவு வீண் என்போர் உண்டு. தாங்கியில் துவக்கைக் கிடத்திச் சுடும் போட்டிகளில் அது பொருந்தலாம். ஆனால் நின்று சுடும் 10 மீற்றர் காற்றுரைபிளில் சர்வதேச விதி குறைந்தபட்ச விசையழுத்தம் எதையும் நிர்ணயிக்கவில்லை. இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றது இப்பிரிவில்தான். அழுத்தத்தை எவ்வளவும் குறைக்க உரிமை இருந்தும், அத்துறையின் சுடுநர் பலர் இருகட்டத்தைக் கைவிடவில்லை. தடை எங்கே என்பதை விரல் முன்கூட்டி அறிவதே அவர்கள் தேடும் பயன்.

எனவே மாற்று விசையை வாங்குபவர் மொத்த அழுத்தத்தைக் கடைசியாகவே கேட்கட்டும். இரண்டாம் கட்டத்தின் பங்கு, உலோகப் பிணைப்பு, ஓய்வுநிலைப் பற்று ஆகியன முன்னே வரட்டும். பிடிகொளுவியை அரத்தால் தேய்த்து இலேசாக்கும் வேலையை எவரும் வீட்டில் செய்யலாகாது. அது தேர்ந்த துவக்குக் கம்மியரின் பணி.