கர்ப்பகாலப் பரிசோதனைக்கு நாள் குறித்த வரலாறு

கர்ப்பிணி எந்த வாரத்தில் பரிசோதனைக்கு வர வேண்டும், அப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் வழக்கத்துக்கு ஏறத்தாழ நூறு வயதுதான் ஆகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும்கூட, வலி எடுத்த பிறகே பெரும்பாலும் மருத்துவரையோ மருத்துவச்சியையோ அழைத்தார்கள். அதுவரை வீட்டுப் பெரியவர்கள் சொன்னதே வழிகாட்டல்.

இதை மாற்றப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் எடின்பரோ மருத்துவர் ஜான் வில்லியம் பாலண்டைன். கருவில் உண்டாகும் குறைபாடுகளை ஆராய்ந்த அவர், கர்ப்பிணிகளுக்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என 1901-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதன் பயனாக எடின்பரோவின் பேறுகால மருத்துவமனையில் முதலில் கிடைத்தது ஒரே ஒரு படுக்கை. கர்ப்பிணிகள் வந்துபோகும் பரிசோதனைப் பிரிவு 1915-இல்தான் அமைந்தது. இதற்கிடையே, 1909 முதல் பாஸ்டன் நகரில் செவிலியர்கள் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கே சென்று பார்க்கத் தொடங்கியிருந்தனர்.

கால அட்டவணை 1929-இல் வந்தது. பிரிட்டன் சுகாதார அமைச்சகத்தின் குறிப்பு, முதல் பரிசோதனையை 16-ஆம் வாரத்தில் வைத்தது. பிறகு 24, 28-ஆம் வாரங்களில். அதன்பின் 36-ஆம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு பிரசவம் வரை வாரந்தோறும். கடைசி மாதங்களில் பரிசோதனைகள் இப்படி நெருங்கி வருவதற்குத் தக்க காரணம் உண்டு. தாயின் உயிரைப் பறிக்கும் பேறுகால வலிப்பு பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் தாக்குகிறது. ரத்த அழுத்தம் ஏறுவதும் சிறுநீரில் புரதம் இறங்குவதும் அதன் முன்னறிகுறிகள். இரண்டையும் எளிய கருவிகளாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனாலும் எத்தனை முறை பார்த்தால் போதும் என்பதை எவரும் ஒப்பிட்டுச் சோதித்து அந்த அட்டவணையை வகுக்கவில்லை. பரிசோதனை பரவியும் பிரிட்டனில் ஆயிரம் பிரசவங்களுக்கு நான்கு தாய்மார் என்ற அளவில் இறந்துகொண்டுதான் இருந்தனர். பிரசவத்துக்குப் பின் வரும் கிருமித்தொற்றை அடக்கும் சல்ஃபா மருந்துகள் வந்த பிறகே, 1930-களின் பிற்பகுதியில், அந்த எண்ணிக்கை சரிந்தது. பரிசோதனை வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஆபத்தை முன்கூட்டிக் கண்டாலும், கையில் மருந்து இல்லாதபோது அது பாதிக் காவல்தான்.

இருந்தும் அந்த அட்டவணை பல நாடுகளில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் அர்ஜென்டினா, கியூபா, சவுதி அரேபியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு நான்கு பரிசோதனைகள் போதும் என்ற பரிந்துரை அதையொட்டி எழுந்தது. செவிலியரும் வாகன வசதியும் குறைந்த நாடுகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே ஆய்வின் தரவுகளை மறுபடி அலசியபோது, குறைவாகப் பரிசோதிக்கப்பட்டவர்களிடையே 32 முதல் 36 வாரத்துக்குள் கருவிலேயே குழந்தை இறப்பது கூடியிருந்தது தெரிந்தது. நெருக்கமாகக் கவனிக்க வேண்டிய வாரங்களில் இடைவெளி விழுந்திருந்தது. 2016-இல் அந்த நிறுவனம் எண்ணிக்கையை எட்டாக உயர்த்தி, 12, 20, 26, 30, 34, 36, 38, 40-ஆம் வாரங்களைக் குறித்தது. முதல் பரிசோதனை பழைய அட்டவணையைவிட ஒரு மாதம் முன்னே வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, முதல் தவணைப் பணம் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வதோடு இணைக்கப்பட்டது.