ரயில் விட்டுப்போன ஊரும் நாலு பக்கச் சாலையும்



பள்ளியில் பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஜமீன் அரண்மனை இருந்தது நம்ம எட்டயபுரத்தில். ஆனால் பெரிய ஊராக வளர்ந்தது கோவில்பட்டி. ஏன்?" விடை சாலையிலும் தண்டவாளத்திலும் இருக்கிறது.

மேற்கே கோவில்பட்டி, கிழக்கே விளாத்திகுளம், வடக்கே அருப்புக்கோட்டை வழியாக மதுரை, தெற்கே தூத்துக்குடி. இந்த இரண்டு சாலைகளும் சந்திக்கும் இடம் நம் ஊர். ரயில் வருவதற்கு முன்பு கரிசல் பருத்தி மாட்டுவண்டிகளில்தான் தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு போவது குறையவே, நம் பக்கத்துப் பஞ்சுக்கு நல்ல கிராக்கி. கோடையில் வண்டி தடையில்லாமல் ஓடும். மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

1876-இல் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்தது. அது கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகப் போனது. நமக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 15 கி.மீ. தூரம் விழுந்தது. பருத்தி வியாபாரம் ஸ்டேஷன் இருந்த ஊரைத் தேடிப்போனது. 1901-இல் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் கோவில்பட்டியில்தான் அமைந்தது. பிறகு நூற்பாலைகளும் அங்கேயே வந்தன. பாரதியின் தந்தை சின்னசாமி அய்யர் எட்டயபுரத்தில் தொடங்கிய பருத்தி ஆலையோ நிலைக்கவில்லை.

ரயில் இல்லாத ஊருக்குச் சாலைதான் கதி. பாரதி பிறந்த வீடு, 1947-இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் தர்கா, எதைப் பார்க்க வந்தாலும் பேருந்திலோ காரிலோதான் வரவேண்டும். சுற்றுக் கிராமத்து மக்கள் விதை வாங்கவும், தாலுகா அலுவலகம் போகவும் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள்.

இப்போது மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிப் போகிறது. முன்பு அதன் எண் 45பி, இப்போது 38. நல்ல சாலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மதுரையில் பேருந்து ஏறும்போதே, "ஊருக்குள்ள போகாது, விலக்குல இறங்கிக்கோங்க" என்று பலமுறை கேட்டுவிட்டேன். இரவில் கைக்குழந்தையோடும் பையோடும் விலக்கில் இறங்குகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

ரயில் நம்மைத் தள்ளிப் போனதை மாற்ற முடியாது. பேருந்து ஊருக்குள் வரவேண்டும் என்று கேட்க முடியும். அடுத்த கிராமசபையிலும் பேரூராட்சியிலும் நீங்களும் கேளுங்கள், நானும் மனு கொடுக்கிறேன். மாட்டுவண்டிப் பாதை பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இருந்தால் கீழே எழுதுங்கள்.