பரங்கிமலைச் சங்கிலியும் கேமரன் மலை வரைபடமும்



கியா பார்ம் காய்கறித் தோட்டங்களுக்கும் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே போய்வரும் நமக்கு, இந்த மலை ஒரு காலத்தில் வரைபடத்தில் தொலைந்து கிடந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டு எழுதினார். ஆனால் அதன் இடத்தை வரைபடத்தில் சரிவரக் குறிக்கவில்லை. மறு ஆண்டே காலமானார். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே இதை மலை வாசத்தலமாக்கும் வேலை சூடுபிடித்தது.

ஓர் இடத்தைக் குறிப்பது அவ்வளவு கடினமா? கடினந்தான். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு தட்டை என்று தெரிந்தால்தான் வரைபடம் சரியாக அமையும். அந்தக் கணக்குக்கு நம் முன்னோர் நாட்டிலும் ஒரு பங்கு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். வெயிலில் எஃகு நீளுமல்லவா? அதனால் சங்கிலிக்கு நிழல் கட்டி, வெப்பமானி வைத்து அளந்தார்கள். சங்கிலி பிடித்த கூலியாட்களின் பெயரை யார் நினைவில் வைத்தார்கள்! 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அக்கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து, தாமே அதைத் தட்டி நிமிர்த்தினார்.

இந்திய அளவுகளைக் கொண்டு ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் வடிவத்தைக் கணித்தார். சற்றே திருத்திய அந்த வடிவத்தின் மேல், நம் பகாங்கிலுள்ள கெர்தாவ் நிலையத்தை மூலமாக வைத்தே மலாயாவின் பழைய வரைபடங்கள் அமைந்தன. இன்றைய கைத்தொலைபேசியோ துணைக்கோள் வழியாக, வேறொரு பூமி வடிவத்தை வைத்து இடம் சொல்கிறது.

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மென்பொருளில் வரைபடம் வரைகிறார்கள். பழைய வரைபடத்து ஆற்றையும், தொலைபேசியில் குறித்த லயத்து வீடுகளையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இப்பகுதியில் 150 மீட்டருக்குக் குறையாமல் விலகும். இக்கரை வீடு அக்கரைக்குப் போய்விடும். 2013 அக்டோபரில் திறந்துவிடப்பட்ட அணை நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனதை அறிந்த நமக்கு, எந்த வீடு ஆற்றோரம் என்பது சிறிய கேள்வியா?

பலர் செய்யும் பிழை, பழைய எண்களின்மேல் புதிய முறையின் பெயரை ஒட்டிவிடுவது. பெயர்ப்பலகை மாறும், எண் மாறாது. முதலில் ‘இது கெர்தாவ் முறை’ என்று கணினிக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு எண்களையே மாற்றும் கட்டளையைக் கொடுக்கவேண்டும்.

சில வேளை புள்ளிகளே கண்ணில் படுவதில்லை. கியா பார்ம் ஏறக்குறைய 4.5 பாகை வடக்கு, 101.4 பாகை கிழக்கு. இம்மென்பொருளில் பொதுவாகத் தீர்க்கரேகையை முதலில் தரவேண்டும். முன்பின்னாகத் தந்தால் 101 அட்சரேகை ஆகிவிடும். அட்சரேகையோ 90 பாகையில் துருவத்தோடு முடிந்துவிடுகிறது. துருவத்தையும் தாண்டிப் போன நம் சந்தையைக் கணினி எங்கே தேடும்?