ஆயர் தாவாரும் மரக்கலத்தின் நன்னீரும்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்திலுள்ள ஆயர் தாவார், இரப்பர்த் தோட்டங்களால் தமிழர்க்கு அறிமுகமான ஊர். ‘ஆயர்’ என்னும் மலாய்ச் சொல் நீரையும், ‘தாவார்’ என்பது உப்பற்ற தன்மையையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் நன்னீர் என்று பொருள்படும். 1972ஆம் ஆண்டு மலாய் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னரும் ஊர்ப்பெயர் பழைய எழுத்திலேயே நிலைத்துவிட்டது. கடலோடிகளுக்கு நன்னீர் கிடைக்கும் இடம் உயிர்நிலை போன்றது. தமிழ்த் தொழிலாளரைச் சுமந்து வந்த கலங்களில் அந்நீர் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

பீப்பாயும் கணக்கும்

1872இல் இந்திய அரசு நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கான தொழிலாளர் புலப்பெயர்வைச் சட்டப்படி அனுமதித்தது. அதற்கு முன்பே நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்குப் பாய்மரக் கப்பல்களில் தமிழர் வந்துகொண்டிருந்தனர். நீராவிக் கப்பல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கடந்த அக்கடலைப் பாய்மரக் கப்பல் கடக்கும் காலத்தைக் காற்றே முடிவு செய்தது. காற்று ஓய்ந்தால் பயணம் நீளும்; தொட்டியிலுள்ள நீர் நீளாது.

பிரித்தானியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பயணிகளுக்காக இயற்றப்பட்ட 1855ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று குவார்ட், அதாவது ஏறத்தாழ 3.4 லிட்டர், நீர் வழங்க வேண்டுமென வரையறுத்தது. நீர்ப் பீப்பாயின் உட்புறம் கருக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், ஒரு பீப்பாய் 300 கேலனுக்கு மேல் கொள்ளலாகாது என்றும் அச்சட்டம் கூறிற்று. இது நாகப்பட்டினத்துக் கலங்களுக்கென எழுந்த சட்டமன்று. ஆயினும் ஓர் அளவுகோலாக இதனைக் கொள்வோம். நூறு பேர் முப்பது நாள் பயணம் செய்ய 10,200 லிட்டர் நீர் வேண்டும். 300 கேலன் பீப்பாய் சுமார் 1,364 லிட்டர் கொள்ளுமாதலால், எட்டுப் பீப்பாய்கள் தேவைப்படும். அவற்றுள் ஒன்று ஒழுகிப்போயின், நூறு பேரின் நான்கு நாள் குடிநீர் இல்லாமற்போகும். பீப்பாயின் கொள்ளளவுக்கு உச்சவரம்பு விதித்ததன் பயன் இங்கே புலனாகிறது. நீரைப் பல கலன்களில் பிரித்து வைத்தால் ஒன்றன் பழுது அனைவரையும் அழிக்காது.

இரும்புத் தொட்டியும் பராமரிப்பும்

மரப்பீப்பாயில் நெடுநாள் நின்ற நீர் நாற்றமெடுத்தது. உட்புறத்தைக் கருக்குவதால் மரச்சாறு நீரில் கலப்பது குறைந்ததேயன்றிச் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 1808இல் ரிச்சர்டு டிரெவித்திக்கும் ராபர்ட் டிக்கின்சனும் கப்பலுக்கான இரும்புத் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். உருண்டைப் பீப்பாய்களுக்கிடையே வீணாகும் இடம் சதுரத் தொட்டிகளில் மிச்சமாயிற்று. பின்னர் இத்தொட்டிகள் கப்பல்களில் பரவலாயின.

இரும்பு துருவேறும். எனவே தொட்டியை வெறுமையாக்கி, உள்ளே ஆளிறங்கித் துருவைச் சுரண்டி, நீர்த்த சிமெண்டுக் குழம்பைப் பூசுவது கப்பல்களில் நெடுங்கால வழக்கமாயிற்று. சிமெண்டின் காரத்தன்மை இரும்பின்மேல் துரு படர்வதைத் தடுக்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் அரிப்பு மீண்டும் தொடங்குமாதலால், ஒருமுறை செய்து விட்டுவிடும் பணியன்று இது.

இன்று லூமுட் கரைக்கு வரும் பாய்மரப் படகுகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் தொடர்கிறது. பழைய படகுகளின் துருவேறா எஃகுத் தொட்டிகளில் பற்றவைப்புத் தையல்களே முதலில் அரிக்கின்றன. கிருமி நீக்கக் குளோரினை மிகுதியாக விட்டு நெடுநாள் நிறுத்திவைத்தால் அவ்வரிப்பு விரையும். ஆகவே குளோரின் கலந்த நீரைச் சில மணி நேரத்தில் வெளியேற்றி, நல்ல நீரால் கழுவ வேண்டும். கை நுழையும் திறப்பு இல்லாத தொட்டியைத் துப்புரவு செய்யவோ சோதிக்கவோ இயலாது. நீர் அலைமோதித் தையலைத் தாக்காதிருக்கத் தடுப்புத் தகடுகள் வேண்டும். குடிநீரை ஒரே தொட்டியில் வைக்கலாகாது என்னும் பழைய பாடம் இவர்களுக்கும் பொருந்தும்.

முடிவுரை

புலப்பெயர்வு வரலாற்றை நாம் பெரும்பாலும் ஆள்கணக்காகவே எழுதி வந்துள்ளோம். எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேர் இறங்கினர், கங்காணி எவ்வளவு பெற்றார் என்பன பதிவாகின்றன. அவர்களை உயிருடன் கரைசேர்த்த தொட்டியும், அதனைச் சுரண்டிப் பூசிய கைகளும் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. நூறு பேரின் நான்கு நாள் வாழ்வு ஒரு பீப்பாயின் இடுக்கில் இருந்தது என்பதை உணரும்போது, பழுதுபார்ப்பதைச் சிறுபணி என ஒதுக்க நமக்கு மனம் வராது.

ஆயர் தாவார் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊர்ப்பெயரின் பொருளோடு இக்கணக்கையும் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். முன்னோர் கடந்த கடலின் அகலத்தைத் தேசப்படம் காட்டும். அவர்கள் கடந்த இடரின் அளவை இந்நீர்க்கணக்கே காட்டும்.